புதிதாக ஒன்றுமில்லை என்று எழுதியவனுக்கு

மரகைபோ
வியாழக்கிழமை

நேரியோவுக்கு அம்மா எழுதுகிறேன். சினிதா மாதா புண்ணியத்தில் நான் உயிரோடும் முழங்கால் வலியோடும் இருக்கிறேன். நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை, எட்டு நாளாகப் பெற்றவளின் போனை எடுக்காமல் இருக்கத் தெம்பு உள்ளவன் சௌக்கியமாகத்தான் இருப்பான். குரல் செய்தி அனுப்பினால் பாதியிலேயே நிறுத்திவிடுகிறாயாம், மைலின் சொன்னாள். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன், பேப்பர் வாயை உன்னால் அடைக்க முடியாது. பின்வீட்டு லுஸ்மாரி மகளைப் பார்க்கச் சாந்தியாகோவுக்கு வருகிறாள், சனிக்கிழமை அங்கே இருப்பாள். கடிதத்தை அவன் கையில் தராதே, அவன் மனைவி மைலின் கையில் கொடு என்று சொல்லியிருக்கிறேன். நீ கடைசி வரி வரை படித்து முடிக்கும்வரை மைலின் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள், அவளிடமும் பேசியாகிவிட்டது.

ஊர்ச் சேதி கேட்டால், நேற்றுக் காலை போன மின்சாரம் இன்னும் வரவில்லை, ஃபிரிட்ஜில் இருந்த மீனை எல்லாம் பொரித்துத் தெருவுக்கே கொடுத்துவிட்டேன். உன் சித்தி எக்லா கண் ஆபரேஷன் செய்துகொண்டாள், நன்றாகத் தெரிகிறதாம், இப்போது எல்லார் வீட்டுத் தூசியும் அவள் கண்ணில் படுகிறது, அதனால் யாரும் அவளை வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. கொல்லை மாமரம் காய்த்துக் கொட்டுகிறது, பறிக்க ஆளில்லை. அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள். அந்த மண்ணெண்ணெய் ஹீட்டரை மூடிய அறையில் எரியவிட்டுத் தூங்காதீர்கள், ஜன்னலை ஒரு விரல் அளவாவது திறந்து வை, மைலினுக்கு இது மூன்றாவது மாதம். ஆமாம், எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை, அவள் சொன்னாள். பேரப்பிள்ளை வருகிற சேதியையே சொல்லாதவன் மற்றதையா சொல்லப் போகிறாய்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் மனைவி எனக்குப் போன் செய்து அழுதாள். அதற்காக அவளைத் திட்டினாய் என்று என் காதில் விழுந்தால் நான் அங்கேயே வந்து நிற்பேன், காசுக்கு எங்கே போவாய் என்று கேட்காதே, வந்து நிற்பேன். பதினோரு நாளுக்கு முன்னால் புயல் காற்றில் மரங்கள் விழுந்து மத்தியானம் உங்கள் பகுதி முழுவதும் மின்சாரம் போனதாமே. நீ வாட்ச்மேன் வேலை பார்க்கிற பதினான்கு மாடிக் கட்டடத்திலும் போனதாமே. கீழ்த்தளத்தில் ஜெனரேட்டர் தானாகவே ஓட ஆரம்பித்ததாம், நன்றாக உறுமியதாம், ஆனால் மேலே ஒரு பல்பு எரியவில்லையாம், லிஃப்ட் அசையவில்லையாம். எட்டாம் மாடி எர்னா அம்மாளுக்கு நுரையீரல் போய்விட்டது, மெஷின் வைத்துத்தான் மூச்சு. அந்த மெஷின் நின்றுவிட்டது. உபரி ஆக்ஸிஜன் சிலிண்டர் கீழே சாமான் அறையில். அன்று பணியில் இருந்த உன் கூட்டாளி வில்னர் அந்தச் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு எட்டு மாடி ஏறியிருக்கிறார். ஐம்பத்தொரு வயது மனிதர். அவர் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாளின் உதடு நீலமாகிவிட்டதாம். பிழைத்துவிட்டார், ஆனால் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இவ்வளவையும் நான் மைலின் வாயால் கேட்டேன், நீ எனக்குச் சொன்னது, இங்கே ஒரே குளிர் அம்மா, வேறு விசேஷம் இல்லை.

அப்புறம் நடந்ததும் தெரியும். மாதம் ஒருமுறை வந்து ஜெனரேட்டரைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற டெக்னீஷியன், மின்சாரத்தை மாற்றிவிடுகிற சுவிட்ச் பெட்டியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, வாட்ச்மேன் கை வைத்துக் கெடுத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டான். பணியில் இருந்தது வில்னர் மட்டும். ஹெய்த்தியிலிருந்து வந்தவர், ஸ்பானிஷில் சண்டை போடத் தெரியாது. திங்கட்கிழமை சாயங்காலம் குடியிருப்பவர்கள் கூட்டம் போட்டு அவரை வெளியே அனுப்பப் போகிறார்கள். வேலைக் கடிதம் இல்லாவிட்டால் அந்த நாட்டில் தங்குகிற அனுமதியும் அவருக்குப் புதுப்பிக்க மாட்டார்கள். இந்தச் சேதியை நீ வீட்டில் வந்து மைலினிடம் சொன்னாயாம், சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாயாம். அதை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "அந்த சுவிட்ச் ஒன்றரை மாசமாவே கருகித்தான் கெடக்கு, எனக்கு அப்பவே தெரியும். இன்ஜின் ஓடும், கரண்ட் மேல போகாது. அந்த டெக்னீஷியன் சத்தத்தக் கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போறான். நான் எதுக்குச் சொல்லணும்? அவனுங்க சம்பளம் குடுக்குறது வாட்ச்மேனுக்கு, இன்ஜினியருக்கு இல்ல."

நேரியோ, ஷிப்ட் முடியும்போது நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்களே, பைப் ஒழுகுகிறது, ஆறாம் மாடி விளக்கு எரியவில்லை, அல்லது புதிதாக ஒன்றுமில்லை என்று. ஒன்றரை மாதம் நீ எழுதியது புதிதாக ஒன்றுமில்லை. நீயாகத் திறந்து பார்த்த பெட்டி, நீயாகக் கண்டுபிடித்த கோளாறு, ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டி நடந்து போய் உட்கார்ந்து, அழகான கையெழுத்தில், புதிதாக ஒன்றுமில்லை. மற்றவன் தெரியாமல் எழுதினால் அது அறியாமை. நீ தெரிந்தே எழுதியிருக்கிறாய். உன் படிப்பை யாரும் மதிக்கவில்லை என்று கோபப்பட்டு அந்தப் படிப்பை ஒரு கிழவியின் மூச்சுக்குழாயின் மேல் உட்கார வைத்தாய். வெட்கமாக இருக்கிறது, எனக்கு, உன்னைப் பெற்ற எனக்கு.

எதனால் வந்தது இந்த வன்மம் என்றும் எனக்குத் தெரியும், அதில் என் பங்கும் இருக்கிறது. அந்தப் பித்தளைப் பெயர்த் தகடு. நம் ஊரில் பட்டம் வாங்கியவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவமரியாதை, ரொட்டிக் கடைக்காரன் கூட இன்ஜினியர் என்றுதான் கூப்பிட வேண்டும். நான் அந்தப் பழக்கத்திலேயே ஊறியவள். உனக்கு வேலை கிடைத்தது என்றதும், எந்த வேலை என்று ஒழுங்காகக் கூடக் கேட்காமல், இன்ஜினியர் நேரியோ உர்தானேத்தா என்று பொறித்து ஆள் மூலம் அனுப்பினேன். நீயாவது அதை அலமாரியில் வைத்திருக்கலாம். வாட்ச்மேன் சட்டையில் குத்திக்கொண்டு போய் உட்கார்ந்தாயாமே! ஐந்தாம் மாடிக்காரன் கையில் காய்கறிப் பையைத் திணித்து, "இன்ஜினியர் சார், லிஃப்ட் பட்டன அமுக்குறதுக்கு உங்களவிடத் தகுதியான ஆள் இந்த நாட்டுலயே கெடையாது" என்று சொல்லிச் சிரித்தானாம். மறுநாள் நிர்வாகி அம்மாள் கழற்றச் சொன்னாராம். அவமானம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை, கேட்டபோது எனக்கும் வயிறு எரிந்தது. தகடு அனுப்பியது என் முட்டாள்தனம். ஆனால் உன்னைப் பார்த்துச் சிரித்தவன் ஐந்தாம் மாடி, நீ பழி வாங்கியது எட்டாம் மாடியை. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவனுக்கு மாடி எண்ணத் தெரியாமல் போய்விட்டதா?

உனக்கென்ன தெரியும், நீ பல்கலைக்கழகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ரிடையர் ஆனவள், இப்போதும் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் எடுக்கிறவள், குனிந்து வேலை செய்கிற வலி உனக்குத் தெரியாது என்று நீ சொல்வாய், போன மாதமே சொன்னாய். சரி, இப்போது கேட்டுக்கொள். தனிப்பாடம் எடுக்கிறேன் என்று நான் சொன்னது பொய். இரண்டு வருடமாகப் பொய். இங்கே யாருக்கும் பாடம் படிக்கப் பணமும் இல்லை, படித்து என்ன ஆகப் போகிறது என்ற எண்ணம் வேறு. நான் மார்க்கெட் பக்கத்தில் செகுந்தோ கடையில் தண்ணீர் பாட்டில் கழுவுகிறேன். சனங்கள் இருபது லிட்டர் காலிப் பாட்டிலைக் கொண்டு வருவார்கள், நான் கழுவித் தருவேன், செகுந்தோ சுத்தம் செய்த தண்ணீர் பிடித்துக் கொடுப்பான். வேதியியலில் டாக்டர் பட்டம், இருபத்தாறு வருட அனுபவம், ரப்பர் பூட்ஸ், பிரஷ். முதல் வாரம் அவனுக்குக் குளோரின் பற்றி ஒரு மணி நேரம் விளக்கினேன். ஆறாவது கூடத் தாண்டாதவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டாக்டரம்மா, நீங்க பாட்டில் கழுவ வந்தீங்களா, கிளாஸ் எடுக்க வந்தீங்களா? வெளிய வரிசை நிக்குது பாருங்க" என்றான். அன்று கழிவறையில் போய் அழுதேன். உனக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் நீ இன்னும் நொறுங்கிப் போவாய் என்று நினைத்தேன். மறைத்தது தப்பு, இப்போது தெரிகிறது.

அழுது முடித்ததும் எனக்கும் உன் புத்திதான் வந்தது, அதையும் மறைக்கவில்லை. பாட்டில் கழுவத்தானே வைத்திருக்கிறாய், கழுவுகிறேன், அதற்கு மேல் என் தலையிலிருந்து உனக்கு ஒரு சொட்டு கிடையாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரம் அப்படித்தான் ஓடியது. ஒருநாள் ஒரு பெண் தள்ளுவண்டியில் கொண்டு வந்த பாட்டிலைக் கையில் எடுத்ததும் மூக்குக்குத் தெரிந்துவிட்டது, பெட்ரோல். நம் ஊரில் பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது கிடைத்த பாட்டிலில் எல்லாம் பிடித்துவைத்தார்களே, அந்தப் பாட்டில். சோப்புப் போட்டால் வாசனை போகும், பிளாஸ்டிக்கில் ஊறியது போகாது, அது எனக்குத் தெரியும், செகுந்தோவுக்குத் தெரியாது. யாராவது என்னைக் கேட்டார்களா என்று கழுவி நகர்த்திவிட்டேன். அவனும் தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டான். அந்தப் பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள், வண்டியில் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை உட்கார்ந்திருந்தது. நான் ரப்பர் பூட்ஸோடு இரண்டு தெரு ஓடினேன் நேரியோ, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. நடுத்தெருவில் தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினேன். அவள் என்னைக் கேட்காத கேள்வி இல்லை, "பாட்டில் கழுவுறவளுக்கு என்னடி தெரியும்" என்றாள், கழுவுகிறவளுக்குத்தான் தெரியும் என்று நானும் கத்தினேன். புதுப் பாட்டில் ஒன்றை என் கணக்கில் கொடுத்தேன். அந்த வாரத்திலிருந்து வருகிற ஒவ்வொரு பாட்டிலையும் முகர்ந்து பார்க்கிறேன், பெட்ரோல் ஊறியதற்குக் கழுத்தில் சிவப்புத் துணி கட்டித் திருப்பி அனுப்புகிறேன். செகுந்தோ முதலில் குதித்தான், வாடிக்கை போகிறது என்று. இப்போது பக்கத்துப் பேட்டையிலிருந்து கூட எங்கள் கடைக்கு வருகிறார்கள். "ஏ மூக்கு டாக்டர், இந்தப் பாட்டில் தேறுமா?" என்று அங்கிருந்தே கத்துவான், நான் தேறாது என்று இங்கிருந்து கத்துவேன். அந்த வேலை என் படிப்புக்கு ஏற்றதில்லை. என் படிப்பு அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்கிறது, அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது, அதில் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.

உனக்கும் அந்த வழி இருந்தது. ஒரு வரி போதும். கீழ்த்தளத்தில் சுவிட்ச் கருகியிருக்கிறது, ஜெனரேட்டர் ஓடினாலும் மின்சாரம் மாறாது. வாட்ச்மேன் எழுதக்கூடாது என்று சட்டம் இருக்கிறதா? சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், நோட்டில் எழுத்து இருக்குமே. உலகத்திலேயே உனக்கு மட்டும்தான் இப்படி நேர்ந்தது என்று நினைத்துக்கொண்டு அந்த மேஜையில் ராஜ்யம் இழந்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறாய். உன் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் யார் என்று இரண்டு வருடத்தில் ஒருமுறையாவது கேட்டிருக்கிறாயா? ஸ்பானிஷ் எழுத்துக்கூட்டத் தெரியாத ஹெய்த்திக்காரன் என்று என்னிடம் எத்தனை முறை சொன்னாய். வில்னர் கொனாயிவ் ஊரில் பத்தொன்பது வருடம் பள்ளியில் கணக்கு வாத்தியார். அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் சாயங்காலம் அவர் மேஜையைச் சுற்றி நிற்பது எதற்கென்று நினைத்தாய், மிட்டாய்க்கா? பார்சல் ரசீதுகளின் பின்பக்கத்தில் அவர்களுக்கு வீட்டுக்கணக்குப் போட்டுக் காட்டுகிறார். அவர் மனைவி மிர்லாந்தும் மைலினும் ஒரே குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறார்கள், அதனால் மைலினுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இரண்டு வருடமாகக் கூடவே உட்கார்ந்திருக்கிற உனக்குத் தெரியாது.

இப்போது நான் எழுதப் போவதை மைலின் உனக்குச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கெஞ்சினாள். மிர்லாந்த் அவளிடமும் அப்படித்தான் கெஞ்சினாளாம். நான் யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. நீ அந்தப் பெட்டியைத் திறந்த அன்று வில்னரையும் கூப்பிட்டுக் காட்டினாய் அல்லவா? உன் அறிவைக் காட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவர், "நோட்டுல எழுதிடலாமா?" என்று கேட்டார். நீ, "எழுதுங்க, உங்க ஸ்பானிஷப் பாத்து நாலு பேர் சிரிக்கட்டும். அதுக்கா நமக்குச் சம்பளம்? டெக்னீஷியன் பாத்துக்குவான், விடுங்க" என்றாய். இன்ஜினியர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அந்த மனிதர் நம்பிவிட்டார். ஆக, அது முன்பே கருகியிருந்தது என்று அவருக்குத் தெரியும், கண்டுபிடித்தது யார் என்றும் தெரியும், எழுதவிடாமல் தடுத்தது யார் என்றும் தெரியும். உன் பெயரை ஒரு தடவை சொன்னால் போதும், அவர் வேலை பிழைத்துவிடும். பத்து நாளாக நிர்வாகி கேட்டுக்கொண்டிருக்கிறார், வில்னர் வாயைத் திறக்கவில்லை. மிர்லாந்த் அழுது சண்டை போட்டிருக்கிறாள், ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாய் என்று. அதற்கு அவர் சொன்னது இது. "அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா. இந்தக் குளிர்ல ரெண்டு குடும்பம் எதுக்குத் தெருவுக்கு வரணும்? ஒண்ணு போதும்."

இதற்கு மேல் உன்னைத் திட்ட என்னிடம் வார்த்தை இல்லை. திங்கட்கிழமை கூட்டத்துக்கு நீ போக வேண்டும். நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போ, எந்தத் தேதியில் பார்த்தாய், என்ன பார்த்தாய், ஏன் எழுதவில்லை என்று உன் வாயால் சொல். டெக்னீஷியன் மறுப்பான், மறுக்கட்டும், கருகிய துண்டு எப்படி இருக்கும் என்று உன்னைவிட நன்றாக அந்த அறையில் யாருக்கும் விளக்கத் தெரியாது. வேலை போகும், போகட்டும். எனக்குப் பணம் அனுப்புவதை நிறுத்திவிடு, நான் சம்பாதிக்கிறேன், எப்படி என்று இப்போது உனக்குத் தெரியும். வேறு எடுபிடி வேலை கிடைக்கும், அதையாவது உருப்படியாகச் செய். கூட்டத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமையே வில்னர் வீட்டுக்குப் போ, மைலினை அழைத்துக்கொண்டு போ, வெறுங்கையோடு போகாதே. அங்கே போய் உன் கஷ்டத்தைப் பேசாதே. மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் என்ன சொன்னாலும் வாயை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு வா. பிறகு எர்னா அம்மாள் எந்த ஆஸ்பத்திரி என்று விசாரி.

கடைசியாக ஒன்று. நம் ஊரில் பிள்ளை ஆசீர்வாதம் கேட்காமல் பேச்சைத் தொடங்க மாட்டான், முடிக்கவும் மாட்டான். கேட்ட பிள்ளைக்குத் தாய் தர மறுத்ததை என் வயதுக்கு நான் கேள்விப்பட்டதில்லை. மைலினுக்கு என் ஆசீர்வாதம். அவள் வயிற்றில் இருப்பதற்கு, ஆணோ பெண்ணோ, என் ஆசீர்வாதம். மிர்லாந்துக்கும் வில்னருக்கும் என் ஆசீர்வாதம், அவர்களுக்கு அது வேண்டுமோ வேண்டாமோ. உனக்கு இல்லை. திங்கட்கிழமை சாயங்காலம் கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் போன் செய்து கேள். சிக்னல் கிடைக்கிற மேட்டில் போய் உட்கார்ந்திருப்பேன், நீ கூப்பிடும்வரை இறங்க மாட்டேன்.

ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ, அவர்கள் உன்னை எவ்வளவு நேரம் வெளியே நிற்க வைப்பார்கள் என்று தெரியாது.

அம்மா,
ஒமைரா